போர்வை வாங்க ஆள் தேவை

"பாவாயி, உங்க தெருவுல ஏழைங்க யாராச்சும் இருக்காங்களா?"

காலங்காத்தாலே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஜோசப் இப்படிக் கேட்டதும், சாமை புடைத்துக்கொண்டிருந்த பாவாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்கய்யா, என்னாச்சு?"

"மிஷன்ல போர்வைக் கட்டு வந்து கிடக்குது. புதுப் பாஸ்டர் மத்தியானம் நேர்ல பாக்க வாராரு. வாங்கறதுக்கு ஆள் இல்லேன்னா இந்த வருசத்தோட நிறுத்திருவாங்களாம்."

கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் கம்மிவிட்டது. கால்நடைத் துறையில் வேலை பார்த்து, எத்தனையோ முரட்டு மாடுகளை அதட்டி ஊசி போட்ட குரல் அது.

வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் போர்வை கொடுப்பது. அன்றைக்கு யாரும் கூப்பிடாமலே வரிசை நிற்கும். இந்த முறை புதுப் போதகர் அருள்பிரகாஷ் பத்து நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார். "மலையில இப்ப மிளகு நல்ல விலை போகுது, டூரிஸ்ட் வர்ற படகுத்துறைப் பக்கம் கடையும் போட்டிருக்காங்க. அங்க யாருக்குப் போர்வை தேவை? வந்து பாக்கறேன். தேவை இல்லேன்னா கீழ ஊருக்குக் கொடுத்துரலாம்" என்று போனில் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் ஜோசப் விடிந்தும் விடியாமலும் பாவாயி வீட்டு வேலிக்கு வந்து நின்றார்.

அந்தப் போர்வை வேலையை ஆரம்பித்தது அவர் மனைவி மரியம்மாள். மிஷன் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவள். அந்தக் காலத்தில் கட்டு மலையடிவாரத்துக் காரவள்ளியில் வந்து இறங்கும். பாதி தூரம் லாரி, மீதி தூரம் தலைச்சுமை. பனிக்குள் பல் கிடுகிடுக்க நிற்கும் ஜனங்களின் தோளில் மரியம்மாளே போர்த்திவிடுவாள். "ஏங்க, அந்தப் பச்சை நிறத்தை எடுங்க" என்று அவள் திரும்பிப் பார்க்காமலே கை நீட்ட, இவர் எடுத்துக் கொடுப்பார். மனைவி சொல்லி இவர் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்றபின் சொந்த ஊருக்கு வரச் சொல்லி மகள் மைதிலி கூப்பிட்டுப் பார்த்தாள். "போர்வை யாரு கொடுப்பாங்க?" என்று இவர் மலையிலேயே இருந்துவிட்டார். இப்போது அந்தப் பழைய குளிரும் வரிசையும் வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஊரில் வறுமை திரும்பி வரவேண்டுமென்று ஒரு கிறிஸ்தவன் எப்படி ஜெபம் பண்ணுவது?

"கவலைப்படாதீங்கய்யா. எல்லாரையும் கூட்டிட்டு நான் வாரேன்" என்றாள் பாவாயி.

சொன்னபடி வந்தாள். தெருவே வந்தது. எல்லாரும் பைக்கில் வந்தார்கள். பெண்கள் பட்டுச்சேலை, கழுத்துநிறைய நகை. பாவாயி புருஷன் சின்னராசு பளபளவென்று சட்டை போட்டு, கையில் ஒரு சேவலைப் பிடித்திருந்தான். பின்னால் வாழைத்தார், பூசணி, சாமை மூட்டை.

"என்ன பாவாயி இது? கல்யாணத்துக்கா கூப்பிட்டேன்?"

"பாஸ்டர் வாராருன்னீங்களே. கந்தலைக் கட்டிட்டு வந்தா உங்களுக்குத்தானுங்க மரியாதைக் குறைச்சல்."

"இந்தச் சேவல் எதுக்கு?"

"மிஷன்ல கை நீட்டறப்ப என்னிக்குங்க வெறுங்கையா வந்தோம்?" என்றான் சின்னராசு.

அது உண்மைதான். ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுக்காமல் போகிற பழக்கம் அந்த மலையில் கிடையாது. மரியம்மாள் காலத்தில் அது ஒரு பிடி சாமையாக இருந்தது. இப்போது சேவலாக வளர்ந்திருக்கிறது.

"சீக்கிரம் போய்ப் பழைய சேலை கட்டிட்டு வாங்க."

"பழசையெல்லாம் பாத்திரக்காரன்கிட்டப் போட்டுக் குடம் வாங்கிட்டேனுங்க."

கீழே வளைவில் ஜீப் ஹாரன் கேட்டது. ஜோசப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பைக்குகளை மிஷன் கோயிலுக்குப் பின்னால் தள்ளச் சொன்னார். வாழைத்தாரை எங்கே ஒளிப்பது? பட்டுச்சேலையை எங்கே ஒளிப்பது? திடீரென்று மூளை வேலை செய்தது. அது பேசாமல் இருந்திருக்கலாம்.

"கட்டைப் பிரிங்க! ஆளுக்கொண்ணு எடுத்து இழுத்துப் போத்திக்குங்க! நகையெல்லாம் உள்ள போகணும். வாழைத்தாரும் உள்ள போகணும்!"

போதகர் ஜீப்பைவிட்டு இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகள் அவரை ஒரு வழி பண்ணியிருந்தன. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தலைசுற்றல் நின்றதும் வரிசையைப் பார்த்தார். கழுத்துவரை போர்த்திக்கொண்டு எல்லாரும் வியர்த்து நின்றார்கள்.

"ஜோசப் ஐயா, எல்லார்கிட்டயும்தான் புதுப் போர்வையே இருக்குதே!"

"அது... இது வந்து... அதுதானுங்க இது" என்றார் ஜோசப்.

"கொக்கரக்கோ" என்றது சின்னராசுவின் வயிறு.

அவன் அடக்கப் பார்த்தான். சேவல் போர்வையைக் கிழிக்காத குறையாகத் துள்ளி வெளியே வந்து போதகரின் தோளில் உட்கார்ந்து, அங்கிருந்து கூரைக்குப் பறந்தது. பிடிக்கப் பாய்ந்த பாவாயியின் போர்வை நழுவியது. பட்டுச்சேலை வெயிலில் மின்னியது. அடுத்தவளிடமிருந்து பூசணி உருண்டு போதகரின் காலடியில் நின்றது.

போதகர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. உங்க ஊட்ல போர்வை இல்லையா?"

சின்னராசுவுக்குப் பொய் வராது. "அதுக்கென்னங்க, இருக்குது. போன வருசத்து மிஷன் போர்வை, அதுக்கு முந்தின வருசத்துது, எல்லாம் மடிப்புக் கலையாம பீரோ நெறையக் கிடக்குது. இதுக்குன்னே இன்னொரு பீரோ..."

பாவாயி அவன் விலாவில் ஒரு இடி இடித்தாள். பிரயோஜனம் இல்லை.

ஜோசப் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாகக் குளிருக்கு இதமாக இருக்குமென்று இவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பச்சையும் சிவப்பும் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மரியம்மாள் தன்னை நம்பி விட்டுப்போன ஒரே வேலை, அதுவும் வீண். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

"நிறுத்திருங்க ஐயா. கட்டைக் கீழ ஊருக்கே கொண்டுபோங்க" என்றார்.

போதகர் தலையாட்டினார். பிறகு பாவாயி பக்கம் திரும்பினார். "ஏம்மா, தேவையில்லேன்னா ஏன் வருசா வருசம் வந்து வரிசையில நிக்கிறீங்க?"

பாவாயி ஜோசப்பை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தியும் அது படிவரை கேட்டது.

"எங்க தெருவுல பொறந்த புள்ளையெல்லாம் நர்ஸம்மா கையில பொறந்ததுதானுங்க, அதுக்கு ஒண்ணும் வாங்கிக்காத அந்த மகராசி சாகறப்ப எங்களைக் கூப்பிட்டு, 'எங்க ஊட்டுக்காரரு கொடுக்க ஆள் இல்லேன்னா ஒடிஞ்சுபோயிருவாரு, வருசத்துக்கு ஒருதடவை நீங்க வந்து வாங்கிக்குங்க கண்ணு'ன்னு அது ஒண்ணைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."