நாலு சிவப்பு, ஒரு வெள்ளை

கணக்கு வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசி பெஞ்ச் இரட்டைச் சடைக்காரி துணிப்பைக்குள் கைவிட்டு எடுத்தது மறுபடியும் வெள்ளை பட்டன்.

“நாளன்னைக்கும் ஹோம்வொர்க் கிடையாது!” என்று வகுப்பே கூரை பிய்ந்துபோகக் கத்தியது.

பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் பந்தயம் கட்டி மாட்டிக்கொண்டதிலிருந்து, அவர்களுக்குப் புத்தி சொல்லும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருந்தது. பையில் நாலு சிவப்பு, ஒரே ஒரு வெள்ளை. சிவப்பு வந்தால் பத்துக் கணக்கு கூடுதல், வெள்ளை வந்தால் ஒரு நாள் வீட்டுப்பாடம் ரத்து. தோற்றுத் தோற்றுச் சலித்து, சூதாட்டம் என்றாலே அவர்கள் தலைதெறிக்க ஓட வேண்டும் என்பது திட்டம். பாடம் முடிகிற நேரத்துக்குத் தலைமையாசிரியை வந்து பார்ப்பார். பார்த்த பிறகுதான் இவருடைய வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார். இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

“இதெல்லாம் தற்செயல்,” என்றார் உதடு காய்ந்துபோய். “இப்போ பாருங்க. ஒரு வார ஹோம்வொர்க்கை வைக்கிறேன்.”

“வேணாம் சார், பாவம் நீங்க.”

“எடுன்னா எடும்மா!”

வெள்ளை.

ஓரக்கண்ணால் பார்த்து எடுக்கிறாளோ என்று கைக்குட்டையால் அவள் கண்ணைக் கட்டினார். இந்த முறை ஒரு மாதம். வெள்ளை. வலது கைதான் ராசியோ என்று இடது கையால் எடுக்கச் சொன்னார். வருஷம் முழுவதற்கும். வெள்ளையேதான்.

தொடர்ந்து ஐந்து தடவை! இப்படி நடக்க மூவாயிரத்து நூற்று இருபத்தைந்தில் ஒரு வாய்ப்புதான். அப்படியானால் அடுத்தது சிவப்பாகத்தானே இருந்தாக வேண்டும்? இதையே ஒரு பிள்ளை எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பார்.

“கடைசி தடவை! முழுப் பரீட்சையையே வைக்கிறேன்!”

“போதும் சார், நிறுத்திக்குங்க,” என்று முதல் பெஞ்ச் கெஞ்சியது.

“விட்டதைப் பிடிக்காம விடமாட்டேன்!”

அவள் கையை வெளியே எடுத்தாள். வெள்ளை.

இந்த முறை யாரும் கத்தவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாசலில் தலைமையாசிரியை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. வாத்தியார் துணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நாலு வருஷம் அலைந்து வாங்கிய வேலை. வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

“இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

இரட்டைச் சடைக்காரி கண்கட்டை அவிழ்த்தாள்.

“வெள்ளை பட்டன்ல ரெண்டு ஓட்டை, சிவப்புல நாலு ஓட்டை, மேடம். தடவினாலே தெரிஞ்சிடும். எதிராளிக்கு என்ன தெரியும்னு தெரியாம ஆட உட்கார்ந்தா நம்ம கதி என்னாகும்னு, சார் தன்னையே வச்சுக் காட்டினாரு.”