சிப் மாற்றிய கை

இதை எனக்கு முதலில் சொன்னவள் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பவானேஸ்வரி. தொண்ணூற்றாறாம் வருஷம், நவராத்திரி முடிந்த மறுநாள், இரண்டு பேரும் கோயிலில் குத்துவிளக்குத் துலக்கிக்கொண்டிருந்தோம். சொல்லிச் சிரித்ததில் அவள் கையிலிருந்த புளி இரண்டு தடவை கீழே விழுந்தது.

புக்கிட் காத்தில் என்ற ஊரில் கணேஸ்வரனுக்கு வீட்டு வாசலிலேயே ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. மனைவி மலர்க்கொடிக்கு எட்டு வருஷமாக அதே ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அங்கே என்ன செய்கிறாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டி அடுக்குகிறாள் என்று அவனாகவே முடிவுகட்டியிருந்தான். ஆறின சோறு தின்றே தன் ஆயுசில் பாதி போய்விட்டது என்று ஒருநாள் புலம்பி, அடுத்த மாதத்தோடு வேலையை விடு என்று உத்தரவு போட்டான். அந்த வேலை அவளுக்கு உயிர். ஆனாலும் அவள் சண்டைக்குப் போகவில்லை.

அந்த வாரம்தான் கோயில் பஜனைக் கீபோர்டு ஊமையாகி அவனிடம் வந்திருந்தது. உள்ளே ஒரு சிப் செத்துப்போயிருந்தது. நவராத்திரிக்குள் பாட வைக்கிறேன் என்று கோயில் தலைவர் தம்புசாமியிடம் நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தான்.

“அந்தச் சிப்ப உங்க கையால மாத்திப் பாட வச்சிருங்க. மறுநாளே லெட்டர் குடுத்துடறேன். முடியலன்னா வேலைய விடுற பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது,” என்றாள் மலர்க்கொடி.

“இருபது வருஷமா ஈயம் பத்த வைக்கிறவன்கிட்டயா பந்தயம்? ஏத்து கற்பூரத்த.”

ஏற்றினாள். அம்மன் படத்துக்கு முன்னால் அடித்துச் சத்தியம் செய்தான்.

பழைய ரேடியோ சாமானுக்குச் சர்க்யூட் தட்டில் ஓட்டை இருக்கும். காலை நுழைத்துப் பின்னால் பற்றவைத்தால் முடிந்தது. இந்தச் சிப்புக்கு ஓட்டையே கிடையாது. தட்டின் மேலேயே பல்லி மாதிரி ஒட்டி உட்காரும். விரல்நகம் அளவு உடம்பு. பக்கத்துக்குப் பதினாலு கால், ஒவ்வொன்றும் மயிரிழை. கணேஸ்வரனின் சூட்டுக்கம்பியோ அண்டா ஓட்டை அடைக்கிற ஜாதி. பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதியதை வைத்து ஒரு காலில்தான் தொட்டான். ஈயம் ஓடிப்போய்ப் பதினாலு காலையும் ஒரே செருப்பில் நுழைத்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொட்டான். தும்மல் வந்தது. சிப் கோணிக்கொண்டது.

மலர்க்கொடி தேத்தண்ணியை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நவராத்திரிக்கு இன்னும் நாலே நாள். தட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு டவுனில் எலக்ட்ரிக் சாமான் விற்கும் நிஜாமிடம் ஓடினான்.

“நம்ம ரஹீலா வேலை செய்ற எடத்துல ஒரு பொம்பள இருக்காங்களாம்லா,” என்றார் நிஜாம். ரஹீலா அவர் மனைவி. “எறும்புக்குக் கொலுசு மாட்டுற கையாம். குடுத்து விடறேன்.”

“யார் குடுத்தான்னு மட்டும் சொல்லிராதீங்க பாய்.”

மூன்றாம் நாள் தட்டு வந்தது. சிப் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கணேஸ்வரன் உற்றுப் பார்க்கக்கூட இல்லை. மாட்டினான், திருகினான், கோயிலுக்குத் தூக்கினான்.

முதல் நாள் பஜனையில் கீபோர்டு குழையக் குழையப் பாடியது. தம்புசாமி மாலையே போட்டுவிட்டார். இனிமேல் இது என் பொறுப்பு என்று கணேஸ்வரன் கீபோர்டைச் சுமந்துகொண்டு, மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்து, லெட்டர் எழுதச் சொல்லி மலர்க்கொடியிடம் பேனாவை நீட்டினான்.

“உங்க கையாலதானே?”

“பின்ன யாரு கையி?” கற்பூரம் ஞாபகம் வந்து அம்மன் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டான்.

“அப்ப உள்ள நம்பர் ஒட்டினதும் நீங்கதானா?”

திறந்தான். சிப்புக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு ஸ்டிக்கர். 217. ஃபேக்டரியில் யார் சிப் மாற்றினாலும் கையோடு தன் நம்பரை ஒட்டியாக வேண்டும். எட்டு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை என்றாள் மலர்க்கொடி. பையிலிருந்து வேலைப் பாஸை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவள் படம். கீழே 217.

“டின்னத் தெறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்த ஈயக் கட்டி உங்க கையெழுத்தாச்சே.”

கணேஸ்வரன் மெதுவாக மாலையைக் கழற்றினான். “வேற யாருக்குத் தெரியும்?”

“ஃபேக்டரியில எங்க லைன்ல நாப்பது பேருக்குத்தான்.”

இப்போது சின்னச் சிப் வேலை வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறான். அவளுக்கு அன்றைக்குத்தான் லீவு. வீட்டில் சோறும் சுடச்சுட இருக்கிறதாம். வடிப்பது அவன்.

அந்தப் பக்கம் போனால் ஒரு உதவி செய்யுங்கள். அவனிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கீபோர்டை எப்படிச் சரி செய்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.