பை வைத்த மயில்

பதுளையில் எந்தக் கடைக்குப் போனாலும் நாம் கேட்டதைத் தருவார்கள். கூழைக்கடாக்காரர் ஒருவர்தான் தன் மனதில் இருப்பதைத் தருவார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் டீசேர்ட்டில் படம் அச்சடிக்கும் கடை அவருடையது. கிரிக்கெட் குழு சிங்கம் கேட்டால், மட்டை பிடித்த கூழைக்கடாப் பறவை வரும். கல்யாண வீட்டார் ரோஜா கேட்டால், ரோஜாவைக் கவ்விய கூழைக்கடா வரும். ஆனால் சண்டைக்கு வந்தவர்கள்கூடத் துணியை விரித்ததும் காசை எண்ணி வைத்துவிடுவார்கள். அலகுக்குக் கீழே தொங்கும் அந்தப் பையில் தண்ணீர் தளும்புவது தெரியும். இறகைத் தொட்டால் விரல் ஈரமாகிவிடுமோ என்று தோன்றும். அப்படி ஒரு கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவரும் எங்கள் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்காரர்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு காலை, மேல்மலைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கூழைக்கடா வந்து உட்கார்ந்ததாம். கீழ்நாட்டுக் குளங்களில் கிடக்கிற பறவை, இத்தனை உயரத்துக்கு எங்கே வரப்போகிறது?

"போட்டோ எடுத்தீங்களா?" என்று லயத்து வீட்டு வரிசையே கேட்டது.

"போன்ல சார்ஜ் இல்லைங்க."

அதோடு அவர் மானம் போயிற்று. கொக்கு என்றார்கள், வாத்து என்றார்கள். ஒரு புண்ணியவான் உரச்சாக்கு என்றான். மனிதர் தோட்டத்தை விட்டே கிளம்பி, டவுனில் கடை போட்டார்.

"நான் பொய் சொல்றவன் இல்லைங்க. இன்னொருத்தராச்சும் பார்த்திருப்பாங்க. படத்தைப் பார்த்தா வந்து சொல்லுவாங்க" என்பார். நானும் நம்பவில்லை. ஆனாலும் நன்றாகத் தலையாட்டுவேன்.

எங்கள் முருகன் கோயில் திருவிழாக் குழுவுக்கு நான் செயலாளர். போன வருஷம் தேருக்கு அறுபது டீசேர்ட் தேவைப்பட்டது. அவர் கைக்கு ஈடு ஊவா மாகாணத்திலேயே இல்லை என்று மார்தட்டி, நானே ஆர்டர் கொடுத்தேன்.

"சாமி காரியம். மயில்தான் வேணும், வேற எதுவும் வந்துறக் கூடாது."

"மயில்தானேங்க, செஞ்சிரலாம்."

தேர் அன்று காலை மூட்டையைப் பிரித்தோம். கொண்டை இருந்தது. தோகை இருந்தது. அலகுக்குக் கீழே ஒரு பையும் இருந்தது.

கோயில் தலைவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "செயலாளர், இது என்னங்க?"

"மயிலுங்க."

"மயிலுக்கு எதுக்குங்க பை?"

கடைக்குப் போன் போட்டேன். "மயில்தாங்க வரைஞ்சேன். தாடைகிட்ட வர்றப்ப கை கேக்கல" என்றார் பரிதாபமாக.

தலைவர் டீசேர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பதவி அந்தரத்தில் தொங்கியது.

"தேர் இழுக்கிறவங்க வேட்டியோட இழுக்கட்டும். இதை அன்னதானத்துல பரிமாறுறவங்களுக்குக் குடுங்க. அங்கதான் பை பொருந்தும்."

பதவி தப்பியது. நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு பந்திக்குள் இறங்கினேன். கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்கா, இலையில் கை வைக்காமல் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தப் பையை நான் பார்த்திருக்கேன்."

"எங்கக்கா?"

"மேல்மலைத் தொட்டியில. இம்மாம் பெருசா இருந்துச்சு. அவரைப் பார்த்து எல்லாரும் சிரிச்ச சிரிப்புல, நான் வாயே தொறக்கல."

வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாளே அக்காவை பஸ்ஸில் பதுளைக்கு அழைத்துப் போனேன். கூழைக்கடாக்காரர் முழுவதையும் நின்றபடியே கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று விசாரித்தார்.

"எந்திரிச்சு எந்தப் பக்கம் போச்சுங்க?"

"லுணுகலைப் பக்கம்."

"ஆமாங்க," என்றார். "லுணுகலைப் பக்கந்தான்." சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கை சொன்னபடி கேட்கிறது. சிங்கம் கேட்டால் சிங்கமே வருகிறது. இந்த வருஷத் தேருக்கு அசல் மயில் வந்தது, பை இல்லாமல். தலைவருக்குப் பரம திருப்தி. நான் மட்டும் பழையதைப் போட்டுக்கொண்டு போனேன். அத்தனை நாள் நம்பாமல் தலையாட்டியவன், அவருடைய பறவையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடக்க ஆசைப்பட்டேன்.