கருப்புத் திரையில் தனலெட்சுமி

என் மனைவி இறந்துவிட்டாள் என்று எழுபத்தொரு பேரை நான் நம்ப வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. முறுக்கு விற்கத்தான் முயன்றேன்.

அசாம் ஜாவா பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிராணியாகக் கணக்கெழுதியவன் நான். ஓய்வு பெற்று பத்தாங் பெர்ஜுந்தாயில் வீடு வாங்கி வந்தபின் எண்ணுவதற்கு ஆட்கள் இல்லை. வாசலில் போகும் செம்பனை லோரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். (ஒரு நாளைக்குச் சராசரி இருபத்தாறு.)

தனலெட்சுமி தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பவள். டவுனில் மெஷின் முறுக்கு வந்ததும் ஒரு தீபாவளிக்குப் பத்தொன்பது டின்தான் போனது. மறுவருடம், "இந்த வருசம் அம்பது டின் போகலன்னா அச்சக் கழுவிக் கவுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்குத் திகில் பிடித்தது. அவள் அடுப்பை விட்டு வந்துவிட்டால் நாள் முழுவதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு எங்கள் இருவருக்குமே பயிற்சி இல்லை.

எங்கள் மகள் கவிதா கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் விளம்பர மின்னஞ்சல்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறாள். முன்பு ஆர்டர் கொடுத்தவர்களின் முகவரிகளைச் சேர்த்து, இருநூற்றுப் பதினாலு பேருக்கு ஒரே தட்டில் அனுப்பும்படி செய்து வைத்திருந்தாள். அடுத்த வாரம் வந்து முறுக்கு விளம்பரத்தைத் தானே செய்து தருவதாகச் சொன்னாள். நான் பொறுக்கவில்லை. அப்படியானால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் போனில். எழுத்தைப் படத்துக்குள் போடக் கூடாது. எழுத்துக்குப் பின்னால் இருக்கும் வெள்ளையை எடுக்கக் கூடாது. அனுப்புமுன் டார்க் மோடில் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"பாதிப் பேரு போன இப்ப கருப்பாத்தான் வச்சிருக்காங்கப்பா. நீங்க வெள்ளன்னு நெனைக்கிற எடம் அவங்களுக்குக் கருப்பாயிடும்லா."

வெள்ளைத் தாளில் கருப்பு மையால் எழுதியே உன்னைப் படிக்க வைத்தேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

மூன்றையும் மீறினேன். வரிசை மாறாமல் மீறினேன் என்பது மட்டுமே எனக்கு ஆறுதல். நாலு நாள் உழைத்து ஒரு படம் செய்தேன். நடுவில் தனலெட்சுமி, அடையாள அட்டைக்கு எடுத்த படம், அதில் அரசாங்கத்தின் மீதே கோபமாக இருப்பாள். பண்டிகைக்குப் பொருத்தமாகச் சுற்றிலும் சாமந்தி மாலை. கீழே இரண்டு குத்துவிளக்கு. அதற்கும் கீழே முறுக்கு, ருசி, கைப்பக்குவம் எல்லாம் கருப்பு எழுத்தில். பின்னால் இருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். ஒரு புள்ளி பாக்கியில்லை. பெயர், அனுபவத்துக்குச் சாட்சியாக வயது, நாள், நேரம், முகவரி இவற்றை மட்டும் சிவப்பில் போட்டேன். ஆபீஸ் பழக்கம், முக்கியமானதெல்லாம் சிவப்பு மை. முறுக்கை ருசி பார்க்க ஞாயிறு பத்து மணிக்கு வீட்டுக்கு வரலாம் என்பது அழைப்பு. மின்னஞ்சலின் தலைப்பில் 'முக்கிய அறிவிப்பு' என்று போட்டு, சனிக்கிழமை மத்தியானம் அனுப்பினேன்.

ஞாயிறு காலை பார்த்தால் பதினேழு பதில்கள். திறந்து படிக்கவில்லை. எனக்கு எண் தெரிந்தால் போதும். "பதினேழு ஆர்டர்" என்று அடுப்படிக்குப் போய் அறிவித்தேன்.

ஒன்பது மணிக்குக் கோயில் கமிட்டி லோரி வந்து நின்றது. நாலு பேர் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் கூடாரம் அடித்தார்கள். நாற்காலிகளை இறக்கினார்கள். நாற்பத்தெட்டு. கவிதா ஏற்பாடு போலிருக்கிறது, பெண் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டு, ஐம்பதாகப் போட முடியாதா என்று கேட்டேன். அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பத்து மணிக்கு இரண்டு விதமான கூட்டம் வந்தது. சிலர் கையில் காலி டப்பா. பலர் வெள்ளைச் சட்டை, கையில் மாலை. இரு தரப்பும் கூடாரத்துக்குள் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் கேவலமாகப் பார்த்துக்கொண்டன. எங்கள் பழைய தோட்டத்து மண்டோர், ஐம்பது ஆட்களை ஒற்றைக் குரலில் மேய்த்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

"கிராணி, எப்படித் தாங்குறீங்க?"

அப்போது தனலெட்சுமி கையெல்லாம் மாவோடு வெளியே வந்தாள். "வாங்க மண்டோரே. காப்பி போடவா?"

மண்டோர் உட்கார்ந்தார். அந்த இடத்தில் நாற்காலி இல்லை.

அதே நேரம் என் போன் அடித்தது. யாரோ சொந்தக்காரர் கவிதாவைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். பெற்ற தாய் போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட என் மகள் கேட்ட முதல் கேள்வி இது: "அப்பா, டார்க் மோட்ல பாத்தீங்களா இல்லையா?"

மண்டோரின் மருமகள் தன் போனை நீட்டினாள். கன்னங்கரேலென்ற திரை. நடுவில் சிரிக்காத என் மனைவி. சுற்றிலும் மாலை, கீழே விளக்கு. கருப்பு எழுத்துகள் கருப்போடு கருப்பாகக் கரைந்து, சிவப்பு மட்டும் மிச்சம்: தனலெட்சுமி. வயது 67. ஞாயிறு காலை 10 மணி. வீட்டு முகவரி. இறந்த செய்தியில் இதற்குமேல் என்ன வேண்டும்? சாவு வீட்டுக்குப் போன் போட்டு 'நிஜந்தானா' என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் இல்லை; நேரே வந்துவிடுவார்கள். வந்துவிட்டார்கள்.

தனலெட்சுமி போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். நான் பின்வாசல் எத்தனை அடி என்று மனத்துக்குள் அளந்தேன்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை எங்கள் கல்யாணத்தன்று கூட நான் பார்த்ததில்லை. முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "நோட்ட எடுத்தாங்க. வந்தவங்க பேர எழுதுங்க. வராதவங்கள நான் சொல்றேன்."

எழுதினேன். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை. உயிரோடு இருப்பவளிடம் மாலையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. மத்தியானத்துக்குள் எண்பத்தெட்டு டின் ஆர்டர். அச்சு கவிழவில்லை.

சாயங்காலம் கவிதா வந்து எல்லாவற்றையும் அழித்தாள். எழுத்தை எழுத்தாகவே அடித்தாள்; அப்போதுதான் திரை கருப்பானால் எழுத்து தானே வெளுக்குமாம். படத்துக்குப் பின்னால் கெட்டியாக ஒரு வெளிர்மஞ்சள் நிறம் வைத்தாள். மாலையையும் விளக்கையும் எடுத்தாள். அம்மாவைச் சிரிக்க வைத்து வேறு படம் எடுத்தாள். இப்போது எந்த மின்னஞ்சலும் ஆறு போன்களில், வெள்ளையில் ஒரு தடவை, கருப்பில் ஒரு தடவை, ஆகப் பன்னிரண்டு தடவை பார்க்காமல் என் கையைவிட்டுப் போவதில்லை.

வராதவர்கள் பட்டியலில் முதல் பெயர் பத்தாங் காலியில் இருக்கும் என் தங்கை ராஜம்மா. திங்கட்கிழமை போன் செய்தாள். எடுத்தது தனலெட்சுமி. பேசுவது யார் என்று ராஜம்மா இரண்டு தடவை கேட்டாளாம். பிறகு சமாளித்தாள்.

"மெயில பாத்தேன் அண்ணி. ஞாயித்துக்கெழம வேற வேல இருந்திச்சி. பதினாறாம் நாளுக்குக் கண்டிப்பா வரலாம்னுதான் இருந்தேன்."

அன்றிலிருந்து ராஜம்மாவுக்குரிய முறுக்கு டின், தீபாவளி முடிந்து சரியாகப் பதினாறாம் நாள்தான் எங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. நாளை எண்ணுவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பு. போன வருடம் டின்னைத் திறந்து ஒன்றைக் கடித்துப் பார்த்தவள், முறுக்கு நமுத்துப்போயிருக்கிறதே அண்ணா என்றாள்.

"பதினாறு நாள் ஆச்சுல்ல" என்றேன்.