உடையப்பனின் உறுமி

மாப்பிள்ளை வீட்டார் வல்லத்திராக்கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. திருக்கோகர்ணத்தில் சொர்ணவல்லி வீட்டிலோ அவர்களை உட்கார வைக்க ஒரு நாற்காலி இல்லை.

"சோபா எங்கங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். நான் செஞ்ச பெஞ்சைப் போட எடம் வேணும்ல?" என்றார் கணவர் உடையப்பன்.

அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், பேப்பரைப் படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மரவேலையில் இறங்கினார். அதுவும் இழைப்புளி படாத மரவேலை. மாமரக் கிளையைப் பட்டையோடு அறுத்து, கோணல்மாணலாக நாலு கால் வைத்து, "இயற்கை அப்படியே இருக்கணும்டி" என்றார். அது போதாதென்று ஓர் உறுமியை வாங்கி, தினமும் காலையில் வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைத்தார். நாட்டுப்புற இசையாம். அரைத்த மாவு புளிப்பதற்கு முன்பே சொர்ணவல்லிக்கு வாழ்க்கை புளித்துவிட்டது.

இன்றைக்கு அவளுடைய கவலை வேறு. மகள் வைஷ்ணவி திருச்சியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் மாப்பிள்ளை சிவபிரகாஷுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. ஆனால், "கல்யாணமானா வேலைய விட்ரணும்" என்று அவன் அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். வைஷ்ணவி விடுவதாக இல்லை. இன்று பேசி முடியாவிட்டால் சம்பந்தமே இல்லை.

சொர்ணவல்லி சாமியானா கடைக்குப் போன் போட்டாள். முகூர்த்த நாள், நாற்காலி எல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு ராசாத்தியைக் கேட்டாள். நாற்காலி வரவில்லை, ராசாத்திதான் வந்தாள். வந்தவள் மாப்பிள்ளையைப் பார்க்காமல் போவதில்லை என்று நின்றுகொண்டாள்.

வேறு வழியில்லாமல் பெஞ்சின் மேல் ஜமுக்காளத்தை விரித்தாள். உறுமியை அடுப்படியில் ஒளித்தாள்.

"வந்தவங்ககிட்ட உறுமியப் பத்தி வாயத் தெறக்கப்படாது!"

"நான் ஏன் தெறக்குறேன்?"

வந்தவர்கள் பெஞ்சைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இருந்த சிவபிரகாஷ் எழுந்து, "நீ இங்கிட்டு வாம்மா, நல்லா காத்து வருது" என்று இடம் மாற்றிக் கொடுத்தான். இப்படிப்பட்ட பிள்ளை கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று சொர்ணவல்லிக்கு மனசு அடித்துக்கொண்டது.

மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"ரிட்டயராயிட்டீங்க, பொழுது எப்புடிங்க போகுது?"

அவ்வளவுதான். கேசரித் தட்டோடு குறுக்கே வந்த மனைவியை விலக்கிக்கொண்டு உடையப்பன் அடுப்படிக்குள் பாய்ந்தார். உறுமியோடு வந்தார். உர்ர்ர்ரென்று ஓர் இழுப்பு இழுத்தார்.

"ஆ!" என்று மாப்பிள்ளையின் அம்மா துள்ளி எழுந்தார். கொண்டை அவிழ, கையையும் காலையும் உதறி உதறி ஆடினார்.

"ஆத்தா வந்துட்டா!" ராசாத்தி விபூதித் தட்டோடு ஓடிவந்தாள்.

"நிறுத்துங்க!" என்று சொர்ணவல்லி கணவரின் கையைப் பிடித்தாள்.

"நிறுத்தப்படாதுக்கா! சாமி மலையேறுற வரைக்கும் அடிக்கணும்!"

ராசாத்தி அந்த அம்மாளின் தோளைப் பிடித்து, இருந்த இடத்திலேயே அமுக்கி உட்கார வைத்தாள். அலறல் இன்னும் கூடியது. தன் வாசிப்புக்கு இவ்வளவு சக்தியா என்று உடையப்பன் பூரித்துப்போய் வேகத்தைக் கூட்டினார். தெருவே வாசலில் கூடிவிட்டது. எல்லாம் போச்சு என்று சொர்ணவல்லிக்கு அழுகை முட்டியது.

ராசாத்தி கும்பிட்டபடி கேட்டாள். "ஆத்தா, இந்தக் கல்யாணம் நடக்குமா?"

"நடக்கும், நடக்கும்! விடு!"

"பொண்ணு வேலைக்குப் போகலாமா?"

"எங்க வேணும்னாலும் போகட்டும்! என்னய விடுங்கடி!"

"ஆத்தா வாக்கு குடுத்துட்டா!"

தெரு மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உறுமி நின்றது. பிடி தளர்ந்ததும் அந்த அம்மாள் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாலு பேர் காலில் விழுந்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு விபூதி பூசிவிட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது.

சொர்ணவல்லி கணவரைப் பல வருடங்களுக்குப் பிறகு பாசமாகப் பார்த்தாள். "உறுமி இருக்கட்டும். அந்த பெஞ்சை மட்டும் நாளைக்கே வெளிய போட்ருங்க."

எல்லோரும் காரில் ஏறிய பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சிவபிரகாஷ் அவசரமாக அவளருகே வந்து குனிந்தான்.

"பெஞ்சை வெளிய போட்றாதீங்கத்தை, வந்தது சாமியில்ல, கட்டெறும்பு, அது ஓடுறதைப் பாத்துட்டுத்தான் அம்மாவ அங்கிட்டு உக்கார வச்சேன்!"