சீரியலோடு பேச்சு அறுத்த மைக்செட்டு

டிவி சீரியலைத் திட்டாதவர்கள் உலகத்தில் இல்லை. திட்டிக்கொண்டே பார்க்கிறவர்கள் தெருவுக்கு நூறு பேர். ஆனால் ஒரு சீரியலோடு முறைப்படி பேச்சு அறுத்து, போக்குவரத்தை நிறுத்தி, பிறகு முறைப்படி சமாதானமாவதற்காக அந்த சீரியல் வீட்டில் ஒரு சாவு விழக் காத்திருந்த மனுஷன், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தெரு மைக்செட்டு.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். உத்திரமேரூரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மானாம்பதியிலிருந்து திருமுக்கூடல் வரைக்கும் காதுகுத்தோ, கல்யாணமோ, கருமாதியோ, அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். எல்லா வீட்டு நல்லது கெட்டதிலும் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்பதால் எந்த வீட்டோடு எந்த வீடு பேசாது, யார் வந்தால் யார் எழுந்து போவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓட்டுப் போட்ட ஊர் என்று கல்வெட்டைக் காட்டி எங்கள் ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். பீற்றிக்கொள்ளட்டும். பேச்சில்லாத பங்காளி வீட்டு மஞ்சள்நீருக்குப் போகலாமா கூடாதா என்று சந்தேகம் வந்தால் கல்வெட்டையா போய்க் கேட்பது? மைக்செட்டைத்தான் கேட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அந்தத் தெருவுக்கு மருமகளாகப் போனேன். என்னோடு சீராக ஒரு கலர் டிவியும் வந்தது. என்னை எதற்காவது தேடினார்களோ இல்லையோ, டிவியைத் தேடி ராத்திரி எட்டு மணிக்குப் பாதித் தெரு எங்கள் கூடத்தில் கூடிவிடும். முதல் ஆளாக மைக்செட்டு வருவார். பின்னாலேயே அவர் பெண்டாட்டி பச்சையம்மா அத்தை, கையில் ஆய்வதற்கு ஒரு முறம் கீரையோடு.

அத்தைக்கு அந்த எட்டு மணி சீரியல் என்றால் உயிர். மைக்செட்டுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஒருநாள் தவறாமல் வந்து, டிவிக்கு எதிரே சட்டமாகக் குந்திக்கொண்டு, முதல் பாட்டிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா மருமவளே இது, அந்தப் பொண்ணு நேத்து அயுத கண்ணீர இன்னும் தொடைக்கல?"

"கம்முனு பாருய்யா" என்பாள் அத்தை.

"நம்ம சீரியல் லைட்டு செட்டுல ஒரு பல்பு போச்சுன்னா மொத்த வரிசையும் அவுட்டு. இதுல அறிவே போயிக்கீது, இன்னும் எரிஞ்சிக்கினு கீதேடி!"

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. வெடித்தது சீரியல் கல்யாணத்தில்.

அந்தக் கல்யாணம் பல வாரம் நடந்தது. எங்கள் ஊரில் மூன்று நாள் கல்யாணத்துக்கே மாமியார்களுக்கு நாக்குத் தள்ளிப்போகும். மைக்செட்டுக்கு முதல் நாளிலிருந்தே தொழில்முறைக் கோபம். "மண்டபம்ன்றான், மேளம்ன்றான், ஒரு கொயாய் கட்டிக்கிறானா பாரு! அப்போ பாட்டு எங்கேர்ந்து வருது? ஆகாசத்துலேர்ந்தா?" என்று கத்தினார். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சாப்பாட்டுப் பந்தியில் பெண்ணின் பெரியப்பா உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா, பணக்கார மீசைக்காரர், வந்து அவரை எழுப்பிவிட்டார்.

எங்கள் கூடத்தில் மைக்செட்டு எழுந்துவிட்டார்.

"இலையில குந்தினவன எயுப்பறதா? அதுவும் சம்பந்தி வூட்டுப் பெரியவன! த்தூ! இது ஒரு வூடா? இனிமே செத்தாலும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். அவர் பகைத்தது சீரியல் வீட்டை. ஆனால் மிதிக்காமல் போனது எங்கள் வாசற்படியை. என் மாமியார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "நீ இன்னாடி குடுத்த அவுருக்கு? காப்பியில சக்கர போட்டியா இல்லியா?" என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இது பத்தோடு பதினொன்று. ஆனால் ஆம்பிளை பேச்சு அறுத்த வீட்டுக்குப் பெண்டாட்டியும் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டு. அந்தக் கட்டை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் சொந்த வீட்டில் மீற முடியுமா? பச்சையம்மா அத்தை சண்டை போடவில்லை. முறத்தை மூலையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாளாம்:

"செரி. உனுக்குப் பகைன்னா எனுக்கும் பகைதான். இனி நான் போவல. ஆனா ஒண்ணு. கண்ணாலம் கட்டி இத்தினி வருசத்துல நானும் நீயும் வாயத் தொறந்து பேசிக்கினு இருந்தது இந்தக் கதையப் பத்திதான். அதுவும் இல்லன்னா எனுக்கு உங்கிட்ட பேச இன்னா கீது?"

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

சோறு உண்டு, குழம்பு உண்டு, துவைத்த வேட்டி உண்டு. வார்த்தை மட்டும் கிடையாது. தட்டை 'ணங்'கென்று வைத்துவிட்டு, "போட்டாச்சு. துன்றவங்க துன்னலாம்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். ஆர்டர் வந்தால் "படூர்ல ஒரு காதுகுத்தாம், காதுள்ளவங்க கேட்டுக்கங்க" என்று துடைப்பத்திடம் சொல்வாள். ஊர் முழுக்கச் சத்தம் போட்டுச் சம்பாதித்த மனுஷன், வீட்டுக்குள் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்.

எதிரே மளிகைக்கடை வைத்திருந்த பாயிடம்தான் அவர் புலம்புவார். நான் பருப்பு வாங்கப் போனபோது என் காதாலேயே கேட்டேன்.

"வூட்டுக்குள்ள போனா கரண்டு கட்டான மாதிரி கீது பாய். பேஜாரா பூட்ச்சி."

"அட, இன்னா நைனா நீ! கம்முனு போயி டிவி முன்னாடி குந்து. யாரு கேக்கப்போறாங்க?"

"நான் கேப்பேன்ல?"

பாய் பொட்டலத்தைக் கட்டியபடி யோசித்தார். "ரெண்டு வூடு சேரணும்னா ஒரு வழி இருக்குமில்ல?"

"கீது. அவுங்க வூட்டு நல்லதுக்கு அவுங்களே வந்து கூப்புடணும். இல்லன்னா அவுங்க வூட்ல ஒரு சாவு வியணும். நல்லதுக்குக் கூப்ட்டாதான் போவணும், கெட்டதுக்குக் கேட்டாலே போவணும்."

"அதான் டெய்லி கூப்புட்றாங்களே நைனா! 'காணத் தவறாதீர்கள்'னு!"

"அது ஊருக்குப் பொதுவா சொல்றது பாய். எனுக்குன்னு வந்து வெத்தல பாக்கு வெச்சாங்களா?"

இந்தச் சேதியை நான் வந்து மாமியாரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. மறுநாளே ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சீரியலில் நாத்தனாருக்கு வளைகாப்பாம், அதற்கு அழைப்பாம். மைக்செட்டு தட்டைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார்.

"நீ யாரு அவுங்களுக்கு? பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"டிவி எங்களுதுய்யா!"

"கல்யாண மண்டபத்துக்காரன் வந்து பத்திரிக வெக்கறதா? எடு தட்ட."

மாமியார் திரும்பி வந்து வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, "இந்தாளு பகவானே வந்தாலும் மொற கேப்பான்" என்றாள். ஆக, நல்லது வழி அடைபட்டது. மிச்சமிருந்தது கெட்டது.

தெய்வாதீனமாக சீரியலில் அந்த மீசைக்காரருக்கே நெஞ்சுவலி வந்தது. அப்புறம் எங்கள் தெருவில் நடந்ததை வெளியில் சொன்னால் பாவம். நல்ல குடும்பத்துப் பொம்பளைகள், வெள்ளி செவ்வாய் விளக்கேற்றுகிறவர்கள், கற்பூரத்தை ஏற்றி, "முருகா, அந்தாள எடுத்துக்கோப்பா" என்று வேண்டிக்கொண்டார்கள். அவரா போவார்? வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டே பக்கம் பக்கமாக வசனம் பேசினார். ராத்திரி எட்டு மணியானால் மைக்செட்டு எங்கள் வீட்டு ஜன்னலோரம் கம்பத்தில் ஏதோ ஒயரைச் சரிபார்க்கிற மாதிரி நிற்பார். அந்தக் கம்பத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"மருமவளே, அந்தாளுக்கு எப்டி கீது?"

"இன்னிக்கிக் கண்ணத் தொறந்தாரு மாமா."

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மீசைக்காரர் போய்ச் சேர்ந்தார். எங்கள் கூடத்தில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டோமோ என்று பாய் கடையை விட்டு ஓடிவந்தார். மாமியார் முகமெல்லாம் பல்லாகத் தெருவில் இறங்கி ஓடினாள். "மைக்செட்டு! செத்துட்டான்யா! நம்ம சம்பந்தி செத்துட்டான்!"

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவர் வந்தார். வெள்ளை வேட்டி. சட்டையில்லாமல் மேலே ஒரு துண்டு. துக்க வீட்டுக்குப் போகிற முறைப்படி யாரையும் "வாங்க" என்று சொல்ல விடாமல், தானும் "வரேன்" என்று சொல்லாமல் உள்ளே வந்து டிவிக்கு எதிரே தலைகுனிந்து உட்கார்ந்தார். துக்க வீட்டில் கை நனைக்கக்கூடாது என்பது புரியாமல் நான் காப்பியை நீட்டினேன். முறைத்த முறைப்பில் டம்ளரே ஆறிவிட்டது.

பின்னால் பச்சையம்மா அத்தை. கூந்தல் அவிழ்ந்திருந்தது. வாசலிலேயே குரலெடுத்தாள். நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். டிவிக்குச் சொந்தக்காரி நான்தானே!

"பட்டுவேட்டி கட்டும் மாமா – ஒன்னப்
பாடையில பாக்கறனே!
எட்டுமணி ஆச்சுதுன்னா – என்
வூடு இருண்டு போச்சுதையா!
கல்லோட குடித்தனமா – நான்
வாய்ப்பூட்டு பூட்டிக்கின்னேன்!
நீ வாய்மூடிப் போனதால – நான்
வாய்தொறக்க வந்தனையா!"

யாருக்கு அழுகிறாள் என்று கூடத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மைக்செட்டு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் காதில் அந்தக் குரல் விழுந்து எத்தனை நாளாயிற்று! ஒப்பாரியைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் அத்தை இறங்கிவரவில்லை. ஒப்பாரி முடிந்ததும் கூந்தலை முடிந்துகொண்டு பழையபடி வாயை மூடிக்கொண்டாள். என்னிடம்தான் ஜாடையாகச் சொன்னாள்: "காரியம் முடியட்டும் பாப்பா. துக்க வூட்டோட பேச்சு சேர்றது காரியத்துக்கு அப்பறம்தான். மொற தெரிஞ்சவங்களக் கேட்டுப்பாரு."

முறை தெரிந்தவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை.

காரிய எபிசோடு வந்தது. அன்றைக்கு அவர் முகச்சவரமெல்லாம் செய்துகொண்டு வந்திருந்தார். சீரியலில் மீசைக்காரரின் படத்துக்கு மாலை போட்டு, படையல் போட்டு, எல்லோரும் கும்பிடப்போகிற நேரம். வாசலில் ஒரு நிழல் விழுந்தது. பின்னணியில் இடி இடித்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

மீசைக்காரர் நின்றுகொண்டிருந்தார். உயிரோடு.

எங்கள் கூடத்தில் சீரியலை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் மைக்செட்டைத்தான் பார்த்தோம். சாவே பொய் என்றால் துக்கம் கேட்டதும் பொய். துக்கம் பொய் என்றால் உறவு ஒட்டவில்லை, பகை அப்படியே நிற்கிறது. இதை யாரும் அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக எழுந்தார். இத்தனை நாள் ஊராருக்குச் சொன்ன நியாயமெல்லாம் அவர் முகத்தில் வந்து நின்றது. எழுந்து போனால் வீட்டில் மறுபடியும் அந்த அமைதி. உட்கார்ந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு ஒருத்தனுக்கு முறை சொல்வது? துண்டை எடுத்து உதறப்போனார். பாதியில் நிறுத்தினார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"இந்தாய்யா."

பச்சையம்மா அத்தைதான். அடுப்பைப் பார்க்கவில்லை, துடைப்பத்தைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"செத்தவனே பொயச்சி வந்து வாசல்ல நிக்கறான். நீ எங்கய்யா எய்ந்து போற? குந்து."

பத்து வீடு தள்ளி ஆம்ப்ளிஃபையர் லேசாக இரைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற காது அவருடையது. அந்த மனுஷன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார்.

"இன்னா சொன்ன? காதுல செரியா வியல பச்ச. இன்னொரு தபா சொல்லு."

அவள் இன்னொரு தபா சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமியார் கேட்டபோது, மீசைக்காரர் திரும்பி வந்துவிட்டாரே, அதற்காகத்தான் என்று சொல்லிவிட்டேன்.