கல்லுதின்னியும் தீவுக் கற்கள் பதினான்கும்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அத்தனை கல்லையும் ஒரே ஆள் நக்கிப் பார்த்திருக்கிறான் என்றால் நம்ப மாட்டீர்கள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ரோட்டு ஜல்லி, கோயில் படிக்கட்டு, ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல், எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, வருகைப் பதிவேட்டில். எங்களுக்கு அவன் கல்லுதின்னி.

சூலக்கரைப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கல் பரிசோதனைக்கூடம் அது. சிவகாசியில் பதினெட்டு வருஷம் பார்த்த அச்சாபீஸ் வேலை போன பிறகு, நாற்பது வயதில் அங்கே சேர்ந்தேன். சோற்றில் கடிபட்டால் பல் வலிக்கும் என்பதைத் தவிரக் கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அறிக்கைகளை டைப் அடிப்பது என் வேலை. மூணு மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இதுவும் போனால் எங்கே போய் நிற்பது என்று தினமும் பயந்துகொண்டுதான் பஸ் ஏறுவேன்.

கல்லுதின்னிக்கும் என் வயசுதான். கல்லை நகத்தால் கீறுவான், காதோரம் வைத்துத் தட்டுவான், கடைசியில் நாக்கில் வைப்பான். "களிமண் கலந்த கல்லு நாக்குல ஒட்டும்லே" என்பான். நான் "வெள்ளைக் கல்" என்று அடித்தால் வந்தது வினை. "எந்த வெள்ளை? இட்லி வெள்ளையா, தும்பைப்பூ வெள்ளையா? கல்லப் பாக்காதவனுக்கும் தெரியணும்லே."

ஒருமுறை காரியாபட்டியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். வீட்டுக்காரர் தரையில் போட்டிருந்த பளிங்கைப் பெருமையாகக் காட்டினார். இவன் தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்துத் தரையில் பிழிந்தான். திருஷ்டி கழிக்கிறான் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பளிங்குன்னா நுரைக்கும். ஒங்களுக்கு என்னன்னு சொல்லி வித்தாக?" என்றான். அன்றைக்கு எங்கள் இலைக்கு மட்டும் பாயாசம் வரவே இல்லை.

என் மூணு மாசம் முடியும் முன்பே தீவுக் கற்கள் வந்தன. மன்னார் வளைகுடாவில் ஆளே குடியில்லாத குட்டித்தீவு ஒன்று. அங்கே ஒரு கல்லூரிப் பேராசிரியை பதினான்கு கல் எடுத்து, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டி, எந்த நம்பர் எந்த இடத்தில் எடுத்தது என்று பட்டியலும் போட்டு அனுப்பியிருந்தார். என்ன கல், எப்படிப்பட்ட கல் என்று நாங்கள் எழுதித் தரவேண்டும். கல்லுதின்னி சாயங்காலம் வரைக்கும் டீகூடக் குடிக்காமல் பதினான்கையும் ருசி பார்த்தான்.

மறுநாள் ஆயுத பூஜை. அச்சாபீஸில் அன்றைக்கு மெஷினிலிருந்து மைக்கரண்டி வரைக்கும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைப்போம். அந்தப் பழக்கம் போகுமா? விடிந்ததும் முதல் ஆளாகப் போய்த் தராசு, சுத்தியல் எல்லாம் துடைத்தேன். தீவுக் கற்களில் உப்பும் பாசியுமாக இருந்தது. சோப்புத்தூள் கரைத்த வாளியில் போட்டேன். நம்பர் சீட்டு போய்விடுமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எங்கள் சிவகாசி லேபிள் ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தாலும் அசையாது. ஊரில் எல்லா லேபிளும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் சீட்டு பதினான்கும் மேலே மிதந்தன, எழுத்தெல்லாம் கரைந்து போய். பத்து மணிக்குப் பூஜைக்கு முதலாளி வந்துவிடுவார். மறைக்க வழி தெரியாமல் கற்களை வரிசையாக வைத்துச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

கல்லுதின்னி வந்து பார்த்தான். "என்னலே இது, பதினாலு பிள்ளையாரு?"

நடந்ததைச் சொல்லி அழுதேவிட்டேன். "சரி, அங்கன உக்காரு. நக்குன கல்லு மறக்குமா?" என்று பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தான். "இது ரெண்டு. மணலும் சிப்பியும் இறுகுன கல்லு, அலை அடிக்கிற எடத்துல எடுத்தது. இது ஏழு, பவளக்கல்லு. பூப்பூவா ஓட்டை இருக்கு பாரு." ஒரு கல்லை வாளியில் போட்டான், மிதந்தது. "பதினொண்ணு. எங்கனயோ எரிமலையில வெந்து, மெதந்து வந்து ஒதுங்குனது." குங்குமத்தில் அவன் நாக்கு சிவந்துகொண்டே போனது.

பன்னிரண்டு முடிந்தது. மிச்சம் ஆறும் ஒன்பதும். இரண்டும் பவளக்கல், ஒரே எடை, ஒரே ருசி. நாலு தடவை நக்கிவிட்டு, "தெரியலைலே" என்றான்.

"ஏதாவது ஒண்ணைப் போடுப்பா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்லே. கல்லு விஷயத்துல பொய் எழுத மாட்டேன்." வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். அவன் அந்த இரண்டையும் தனியாக ஒதுக்கி வைத்தான்.

முதலாளி வந்தார். ஒரே நொடியில் புரிந்துவிட்டது அவருக்கு. "எவன்யா கழுவுனது?"

நான் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். கல்லுதின்னி முன்னால் போனான். "நாந்தேன் கழுவச் சொன்னேன், மொதலாளி. பாசி இருந்தா ருசி தெரியலை."

அவர் அவனை வாங்கு வாங்கு என்று வாங்கினார். அவனை வெளியே அனுப்ப முடியாது, வேறு எவன் வந்து நக்குவான்? கடைசியில் பயந்துகொண்டே பேராசிரியைக்குப் போன் போட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார். "அதுக்கென்ன சார், நம்பரோட போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அனுப்புறேன்." வந்த போட்டோவை வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டும் சரி. ஆறு எது, ஒன்பது எது என்பதும் தெரிந்தது.

அடுத்த மாசம் எனக்கு வேலை நிரந்தரமானது. மகள் இப்போது நர்ஸ். கல்லுதின்னிக்கு நான் நேரில் நன்றி சொன்னதே இல்லை, சொன்னால் கிண்டல் செய்வான். அதனால் இங்கே சொல்கிறேன். கல்லு விஷயத்தில் ஒரு பொய்கூட எழுதாத மனுஷன் வாழ்க்கையில் சொல்லி நான் கேட்ட பொய் ஒன்றே ஒன்றுதான். அது எனக்காக.